முந்நூறு மில்லி

வாங்க அண்ணா, உள்ளே வாங்க. செருப்பை வெளியிலேயே விட்டுடுங்க, யாரும் எடுக்க மாட்டார்கள். அந்தப் பலகை மேல் மட்டும் கை வைக்காதீங்க. அது பலகை இல்லை, பிளேன் இறக்கை. பசை காயட்டும் என்று படுக்க வைத்திருக்கிறார். இப்படி இந்த நாற்காலியில் உட்காருங்க.

எங்க வீட்டுக்காரர் இல்லை. ஞாயிற்றுக்கிழமை அல்லவா, குளத்துக்குப் போய்விட்டார். குளம் என்றால் தண்ணீர் கிடையாது, வற்றிக் கிடக்கிற குளம். அங்கேதான் கிளப்காரர்கள் எல்லோரும் ரிமோட்டில் பறக்கிற சின்னப் பிளேன் விடுகிறார்கள். பன்னிரண்டு மணிக்கு வந்துவிடுவார். வர வேண்டும். நேற்றே வண்டி ரிசர்வில்தான் வந்தது. பெட்ரோல் போட்டுக்கிட்டுப் போங்க என்று காலையில் இரண்டு தடவை சொன்னேன். தலையை ஆட்டினார். போட்டிருக்க மாட்டார். வழியில் நின்றுபோனால் இந்த வெயிலில் தள்ளிக்கொண்டு வரவேண்டும், முதுகில் பிளேன் வேறு. எனக்கு அதே நினைப்பாக இருக்கிறது.

யார் என்று தெரியாமல் உங்களை உட்காரச் சொல்லவில்லை. வண்டியில்தான் எண்ணெய் மில் என்று எழுதியிருக்கிறதே. காங்கேயம் நாச்சிமுத்து அண்ணாதானே நீங்க? குரல் எனக்குத் தெரியும். ஒன்பது வருஷமாக விளக்கெண்ணெய்க்காகப் போனில் கேட்ட குரல். "அம்மிணி, கொட்டமுத்து எண்ணெய் இறங்கிருச்சு, பஸ்ஸில போட்டு உட்டர்றன், ஆள நிறுத்தி வாங்கிக்குங்க" என்பீங்க. முகத்தை இன்றைக்குத்தான் பார்க்கிறேன். நான் இன்னும் குண்டாக நினைத்திருந்தேன். எண்ணெய்க்காரர் என்றால் குண்டாக இருப்பார் என்று ஏனோ ஒரு நினைப்பு.

அந்தக் கடிதத்தை எடுக்க வேண்டாம் அண்ணா. பையிலேயே இருக்கட்டும். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று எனக்குத் தெரியும். அவர் எழுதினது, கிளப் தலைவர் பல் டாக்டர் ஜெகதீசன் கையெழுத்துப் போட்டது. காங்கேயத்து விளக்கெண்ணெயில் கலப்படம் இருக்கிறது, அதனால்தான் எஞ்சின் இறுகிப் பிளேன் விழுந்தது, இனி யாரும் அங்கே வாங்க வேண்டாம் என்று. சேலத்துக் கிளப்புக்கு ஒன்று, திருச்சிக்கு ஒன்று, பெங்களூருக்கு ஒன்று. தபால்தலை ஒட்டினதே நான்தான்.

என்ன சொன்னீங்க? நாட்டு மருந்துக் கடைக்காரரும் வாங்குகிறதை நிறுத்திவிட்டாரா? அவருக்கும் பிளேனுக்கும் என்ன சம்பந்தம்?

ஓ. அவர் மகன் சேலத்துக் கிளப்பில் இருக்கிறானா.

ஐயோ, எனக்கு இது தெரியாது அண்ணா. பச்சைக் குழந்தைக்குத் தடவுகிற எண்ணெய் அல்லவா உங்களுடையது. கடிதம் எங்கெல்லாம் போகும் என்று யாருக்குத் தெரியும்? தபால் பெட்டியில் போடும்போது மூன்று கவர்தான் இருந்தது.

சரி, அந்த எண்ணெய்ப் பாட்டிலைக் கொடுங்க. அன்றைக்கு எங்களுக்கு அனுப்பினபோது ஆட்டின அதே எண்ணெய்தானே? நீங்க சொன்னால் சரி. முதலில் நான் அடுப்பை அணைத்துவிட்டு வருகிறேன். மிச்சமிருக்கிற மெத்தனால் கேனைத் திறக்கிற நேரம் வீட்டில் எதுவும் எரியக்கூடாது. காபி அப்புறம்தான். மோர் வேண்டுமானால் தருகிறேன்.

மெத்தனால் என்றால் உங்களுக்குத் தெரியாததா. சாராயத்தில் கலந்து ஆளைக் கொல்கிறதே, அதே சரக்கு. குடித்தால் முதலில் கண் போகும், அப்புறம் ஆள் போவான். கிளப்புக்கு லைசென்ஸ் இருக்கிறது, கையெழுத்துப் போட்டு வாங்கி வருவார்கள். இந்தப் பிளேன் எஞ்சினுக்கு அதுதான் தீனி. பெட்ரோல் கிடையாது. முதல் தடவை கொண்டுவந்தபோது, இது எப்படி எரியும் தெரியுமா என்று முற்றத்தில் ஒரு ஸ்பூன் ஊற்றித் தீக்குச்சியைப் போட்டார். நல்ல வெயில். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. எரியவே இல்லீங்களே என்று குனிந்து பார்த்தேன். புருவம் கருகிப்போயிற்று. பகலில் அதன் தீ கண்ணுக்குத் தெரியாது அண்ணா. காற்று மட்டும் லேசாக நெளியும். அன்றிலிருந்து எனக்குப் பயம். பயம் இருக்கிறவள்தான் ஒழுங்காகக் கலப்பாள் என்று அவர் அந்த வேலையை என்னிடம் கொடுத்தார்.

இதோ அளவு ஜாடி. பரண் மேல் ஏற்றி வைத்துவிட்டார். உங்க வண்டியைப் பார்த்ததும் ஸ்டூல் போட்டு ஏறி எடுத்தேன். இரண்டு மாசத்துக்கு அப்புறம் கையில் எடுக்கிறேன்.

பாருங்க. மெத்தனால் இவ்வளவு. உங்க எண்ணெய் இவ்வளவு. மூடிக் குலுக்குகிறேன். எண்ணெய்களிலேயே விளக்கெண்ணெய் ஒன்றுதான் மெத்தனாலோடு கரையும், அது உங்களுக்கும் தெரிந்திருக்கும். பாமாயிலோ கடலை எண்ணெயோ ஒரு கரண்டி கலந்திருந்தால் போதும், மோர் மாதிரி வெளுத்துவிடும். கொஞ்ச நேரம் வைத்தால் தனியாகப் பிரிந்து நிற்கும். கடையில் தீப எண்ணெய் என்று விற்கிறதை ஒரு தடவை இப்படிப் பார்த்தேன், சாக்கடைத் தண்ணி மாதிரி ஆகிவிட்டது.

உங்களுடையது எப்படி இருக்கிறது பாருங்க. ஜன்னலுக்கு நேரே பிடிங்க. அந்தப் பக்கம் இருக்கிற முருங்கை மரம் தெரிகிறதா? கண்ணாடி மாதிரி.

சுத்தம் அண்ணா. உங்க எண்ணெய் சுத்தம். அது எனக்கு அன்றைக்கே தெரியும். ஒவ்வொரு தகரமும் வந்ததும் இப்படிக் குலுக்கிப் பார்த்துத்தான் கலப்பேன். ஒன்பது வருஷத்தில் ஒரு தடவைகூட வெளுத்ததில்லை.

அப்புறம் எப்படி எஞ்சின் போச்சு என்றா கேட்கறீங்க?

இருங்க. சொல்கிறேன். மோர் குடிங்க முதலில்.

நான் எட்டாவதோடு நின்றவள். கணக்கு வாத்தியார் என்னைப் பார்த்தாலே பெருமூச்சு விடுவார். அப்படிப்பட்டவள் கையில் பன்னிரண்டு பேருடைய எஞ்சினைக் கொடுத்தார்கள். அஞ்சு லிட்டர் கேனுக்கு மெத்தனால் மூன்றரை, எண்ணெய் ஒன்று, நைட்ரோ அரை. நைட்ரோ என்பது குட்டிப் பாட்டிலில் வரும். அதுதான் எஞ்சினை மெதுவாக ஓடும்போது அணையாமல் பிடித்து வைக்கிறது, வேகம் கொடுக்கிறதும் அதுதான். வெயில் படக்கூடாது, பீரோவுக்கு அடியில் வைத்திருப்பேன். மெத்தனால் காற்றிலிருக்கிற ஈரத்தைக் குடித்துவிடும், மூடியைத் திறந்து வைத்து ஒரு போன் பேசினால்கூட ஆகாது. மழைக்காலத்தில் புனலைக்கூடத் துணியால் துடைத்து, விசிறியில் காய வைத்துத்தான் எடுப்பேன். இதெல்லாம் அவர் ஒரு தடவை சொன்னதுதான். நான் மறக்கவில்லை. அவர் பம்ப்செட் கம்பெனியில் ஃபோர்மேன், முப்பது பேரை மேய்க்கிறவர், அவரே சொல்வார், "துளசிக்கு இருக்கிற கவனத்துல பாதி எம் பசங்களுக்கு இருந்தா நான் ஏன் கத்தறேன்" என்று.

டாக்டர் ஜெகதீசன் இருக்கிறாரே, அவர் இந்த நாற்காலியில் உட்கார்ந்துதான் சொன்னார்: "அக்கா கலந்து குடுத்தா எஞ்சின் தொட்டில் குழந்தை மாதிரி சொன்ன பேச்சு கேக்குது." நான் சமையலறையில் நின்று கேட்டேன். என்னை அந்த மாதிரி யாரும் சொன்னதில்லை அண்ணா. என் சாம்பாரைக்கூட.

அது இருக்கட்டும். எங்க வீட்டுக்காரர் வயிற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

ஒவ்வொரு திங்கட்கிழமையும் அவருக்கு வயிறு போகும். போன வருஷம் ஆடியில் ஆரம்பித்தது. ஞாயிறு குளத்துக்குப் போவார், திங்கள் காலையில் நாலு தடவை, அஞ்சு தடவை. இளைத்துவிட்டார். பெல்ட்டில் இரண்டு ஓட்டை புதிதாகப் போட்டார். ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள், ஒன்றும் இல்லை என்றார்கள். ஒன்றும் இல்லாமல் ஏன் வயிறு போகும்?

யோசித்தேன். எஞ்சினில் போடுகிற எண்ணெய் முழுக்க எரியாது அண்ணா, புகையோடு பனி மாதிரி வெளியே வரும். அவர் சட்டையெல்லாம் பிசுபிசு என்றிருக்கும். தலைமுடி, மீசை, எல்லாம் அந்த வாசனை. எங்கள் அம்மா மாசம் ஒரு தடவை எங்களைப் படுக்க வைத்து, மூக்கைப் பிடித்து ஊற்றுவாளே, அதே எண்ணெய். ஒரு சங்கு குடித்த எங்களுக்கே அந்தப் பாடு என்றால், நாலு மணி நேரம் மூச்சோடு இழுக்கிறவர் கதி என்ன?

டாக்டரிடம் கேட்டேன். அவர் சிரித்தார். "ஆமாங்க்கா, அண்ணனுக்கு வாராவாரம் இலவச பேதி வைத்தியம் நடக்குது" என்றார். விளையாட்டுக்குச் சொன்னாரோ என்னவோ. பல் டாக்டர் என்றாலும் டாக்டர்தானே. நான் அதைப் பிடித்துக்கொண்டேன்.

அவரிடம் சொன்னால் கேட்பாரா? "ஏனுங்க, எண்ணெயக் கொஞ்சம் கொறைச்சா என்னங்க" என்று ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன். "எண்ணெய் வழுக்கறதுக்கு மட்டும் இல்ல துளசி, சூட்ட வெளிய தூக்கிட்டுப் போறதும் அதுதான். கொறைச்சா பிஸ்டன் புடிச்சுக்கும்" என்றார். அவருக்கு எஞ்சின் வயிறுதான் பெரிது. தன் வயிறு இல்லை.

அதனால் சொல்லாமல் குறைத்தேன்.

கொஞ்சம்தான் அண்ணா. முதலில் நூறு மில்லி. அவ்வளவு இடத்துக்கு மெத்தனாலை ஊற்றி நிரப்பினேன். எஞ்சினுக்கு ஒன்றும் ஆகவில்லை. இன்னும் கொஞ்சம் சுறுசுறுப்பாக ஓடுகிறது என்று டாக்டரே சொன்னார். தையில் இருநூறு. பங்குனியில் முந்நூறு. ஒரு லிட்டர் போட வேண்டிய இடத்தில் எழுநூறு.

வயிறு நின்றுபோயிற்று. சத்தியமாகச் சொல்கிறேன், தை பிறந்ததிலிருந்து ஒரு திங்கட்கிழமைகூட அவருக்கு வயிறு போகவில்லை. அதே சமயத்தில்தான் குளத்துக்கரையில் போண்டா போட்டுக்கொண்டிருந்த ஆள் கடையை எடுத்துக்கொண்டு திருப்பூர்ப் பக்கம் போய்விட்டான், இவரும் நான் கட்டிக் கொடுக்கிற இட்லியைச் சாப்பிட ஆரம்பித்தார். அது வேறு விஷயம். எண்ணெய்தான் காரணம். என் கண்ணால் பார்த்தேனே, நான் குறைக்கக் குறைக்க அவர் தேறிவந்தார்.

ஏன் அண்ணா அப்படிப் பார்க்கறீங்க?

சரி, குடிங்க.

எண்ணெய் குறைந்தால் நிறம் வெளுக்கும். உங்க எண்ணெயில்தான் அந்தத் தேன் நிறம் வருகிறது. மாசியில் ஒரு நாள் டாக்டர் கேனை வெயிலில் தூக்கிப் பார்த்து, "என்னக்கா, இந்தத் தடவ வெளுத்த மாதிரி இருக்குது?" என்றார். "புது எண்ணெய்ங்க, அப்படித்தான் வருது" என்றேன். உங்க எண்ணெய் மேல் நான் சொன்ன முதல் பொய் அதுதான். மன்னிச்சுக்குங்க.

அதற்கப்புறம் மஞ்சள் போட்டேன்.

சமையல் மஞ்சள்தான். ஒரு சிட்டிகை, சுண்டுவிரல் நுனியில் எடுத்தது. மெத்தனாலில் போட்டதும் எப்படிப் பிடித்துக்கொண்டது தெரியுமா, அப்படியே பொன் நிறம். இரண்டு தடவை வேட்டித் துணியில் வடிகட்டினேன், ஒரு துகள் இருக்காது. மஞ்சள் என்ன விஷமா? நல்ல காரியத்துக்கு எடுக்கிறது. டாக்டர் அடுத்த வாரம் கேனைப் பார்த்துவிட்டு, "ஆ, இப்பத்தான் அக்கா சரக்கு" என்றார்.

சித்திரையில் பள்ளிக்கூட மைதானத்தில் கண்காட்சி வைத்தார்கள். ஆயிரம் பேர் இருப்பார்கள். குழந்தைகளை முன்னால் தரையில் உட்கார வைத்து, அதற்குப் பின்னால் பெரியவர்களுக்கு நாற்காலி. நானும் போயிருந்தேன். இந்தச் சேலைதான் கட்டியிருந்தேன். மைக்கில் என் பெயரைக்கூடச் சொன்னார்கள், எரிபொருள் உதவி திருமதி துளசிமணி சென்னியப்பன் என்று. நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

டாக்டர் பிளேன் சிவப்பு. வெளிநாட்டு எஞ்சின். பதினொன்றரை மணி வெயில். தலைகீழாகப் பறக்க விட்டார், வட்டம் போட்டார், குழந்தைகள் கைதட்டக் கைதட்ட அவருக்கு உற்சாகம், முழு வேகத்தில் மேலே ஏற்றினார். அந்தச் சத்தம் மாறினது எனக்குத்தான் முதலில் கேட்டிருக்கும். தொண்டையில் எச்சில் வற்றினால் குரல் போகுமே, அப்படி. அப்புறம் வெட்டினாற்போல் நின்றது. டாக்டர் ரிமோட்டில் என்னென்னவோ திருப்பிப் பார்த்தார். அது கூட்டத்துப் பக்கமாகவே வந்தது.

குழந்தைகள் தலைக்கு மேலே போய் நாற்காலி வரிசையில் விழுந்தது. ஒரு பிளாஸ்டிக் நாற்காலி இரண்டாகப் போயிற்று. அதில் உட்கார்ந்திருந்த டீச்சர் மைக்செட்காரரிடம் என்னமோ சொல்ல எழுந்து போயிருந்தார். யாருக்கும் ஒரு கீறல் இல்லை. அந்த டீச்சர் வந்து தன் நாற்காலியைத் தேடினார் அண்ணா. நாற்காலி எங்கே என்று பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டார்.

இப்போது நான் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காருவதில்லை. இந்த வீட்டில் இருந்த இரண்டையும் எதிர் வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன். நீங்க உட்கார்ந்திருக்கிறது மர நாற்காலி.

அங்கேயே எஞ்சினைப் பிரித்தார்கள். பிஸ்டன் சிலிண்டரோடு ஒட்டிக் கிடந்தது, பக்கமெல்லாம் கீறல். டாக்டர், "எண்ணெய் பத்தல" என்றார். ஒரு வார்த்தை. கிளப்காரர்கள் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். கோபமாகப் பார்க்கவில்லை, கேள்வி கேட்கிற மாதிரி. நான் எங்க வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் எஞ்சினைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஊட்டுக்குக் கொண்டுபோய்ப் பாக்கறேன்" என்று சொல்லி, டாக்டருடைய உடைந்த பிளேனையும் மிச்சக் கேனையும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

அன்று சாயந்திரம் அதோ அந்தக் குழாயடியில் உட்கார்ந்து இறக்கையைத் துடைத்தார். டேங்க் நிரப்பும்போது வழிந்தது இறக்கையின் வெள்ளை அடிப்பக்கத்தில் மஞ்சளாகக் காய்ந்திருந்தது. சோப்புத் தண்ணியில் துணியை நனைத்துத் துடைத்தார். நான் இந்த நிலைப்படியில் நின்று பார்த்தேன். துணி சிவந்துவிட்டது அண்ணா. ஆரத்தித் தட்டில் சுண்ணாம்பு விழுந்ததும் மஞ்சள் சிவக்குமே, சோப்புப் பட்டாலும் அதே சிவப்பு. எனக்கு உயிரே போய்விட்டது. துணியைக் கையில் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார்.

ஆனால் அவருக்கு ஒன்றும் தோன்றவில்லை. பிளேன் சிவப்பு அல்லவா, பெயின்ட் கரைகிறது என்று நினைத்திருப்பார். அவர் சமையல்கட்டுப் பக்கம் வருகிறவரே இல்லை. மஞ்சளையும் மல்லித்தூளையும் பக்கத்தில் வைத்தால் எது எது என்று கேட்பார்.

மறுநாள் காலையில் குளிக்கக்கூட இல்லை, உட்கார்ந்து அந்தக் கடிதத்தை எழுதினார். "எண்ணெய்தான் மோசம். கலப்படம். டாக்டர்கிட்டயும் சொல்லிட்டேன்" என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை. "இனிமே நீ கலக்க வேண்டாம், டின்னுல வர்றத வாங்கிக்கலாம். எண்ணெய நம்ப முடியறதில்ல" என்றார். அளவு ஜாடியை அவரே பரண் மேல் ஏற்றினார்.

அப்போது எனக்கு உயிர் வந்தது அண்ணா. உங்களிடம் மறைக்காமல் சொல்கிறேன். உங்க பெயரை அவர் எழுதிக்கொண்டிருக்கும்போது எனக்கு உயிர் வந்தது.

அதற்கப்புறம் ஒரு நாள் இல்லை, ஒரு பொழுது இல்லை, இதே நினைப்புத்தான். சொல்லிவிடலாம் என்று சோறு போடும்போது வாயைத் திறப்பேன். "ரசம் ஊத்தட்டுங்களா" என்று வரும். போனில் உங்க நம்பரை எடுத்து வைத்துப் பார்ப்பேன். அழுத்த மாட்டேன். கிளப்காரர்கள் இப்போது கேட்டுக்கு வெளியிலேயே நின்று பேசிவிட்டுப் போகிறார்கள். பெங்களூரிலிருந்து வருகிற டின் ரோஸ் நிறத்தில் இருக்கிறது. எனக்கு அதில் தொடுகிறதுக்கு ஒன்றும் இல்லை. அந்தக் காலி டின்னைக்கூட அவரே கழுவிக் கவிழ்க்கிறார்.

என்ன கேட்டீங்க?

அந்தத் துணியா? அவர்தான் அலசினார். அங்கேயே குழாயைத் திறந்துவிட்டு, சிவப்புப் போகிறவரைக்கும் கசக்கிக் கசக்கி அலசி, பிழிந்து, கொடியில் போட்டார். என்னைக் கூப்பிடவில்லை. கல்யாணமாகி இருபத்தேழு வருஷத்தில் அவர் ஒரு துணியை அலசி நான் பார்த்தது அன்று ஒரு நாள்தான். நண்பருடைய பிளேன் உடைந்ததில் அவ்வளவு வருத்தம் மனிதருக்கு.

மோர் இன்னும் கொஞ்சம் ஊற்றட்டுமா அண்ணா?

இருங்க, வண்டிச் சத்தம். அவர்தான். அந்த எஞ்சின் இருமுகிறதைக் கேட்டீங்களா, பெட்ரோல் போடவே இல்லை. நான் சொன்னேனா இல்லையா.

கேட்டுக்கு வெளியில் நிற்கிறார். உங்க வண்டியைப் பார்க்கிறார். ஏனுங்க, வாங்க, காங்கேயத்து அண்ணா வந்திருக்கிறாருங்க.

கேட்கவில்லை போலிருக்கிறது. வண்டியில் எழுதியிருக்கிறதைப் படித்துக்கொண்டு நிற்கிறார்.

என்னங்க, ஏனுங்க.

வண்டியைத் திருப்பிவிட்டார்.

எங்கே போகிறார்? ஏதாவது வாங்க மறந்திருப்பார். பால் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை என்ன வாங்கப் போகிறார். பிளேனை முதுகில் கட்டிக்கொண்டு யாராவது கடைக்குப் போவார்களா?

என்னைப் பார்த்தார் அண்ணா. நான் கூப்பிட்டதும் ஜன்னலைப் பார்த்தார். என் கையில் இந்த ஜாடி இருக்கிறது. பார்த்துவிட்டுத்தான் திருப்பினார்.

மஞ்சளையும் மல்லியையும் தெரியாதவர்தான். ஆனால் ஆரத்தி தெரியாதா? எங்கள் கல்யாணத்தில் எனக்கும் அவருக்கும் சேர்த்துத்தானே சுற்றினார்கள். நெற்றியில் வைத்தது வழிந்து சட்டைக் காலரெல்லாம் சிவந்து, அந்தச் சட்டையை இன்னும் வைத்திருக்கிறேன். தெரியாமலா ஒரு மனிதர் துணி அலச உட்காருவார்.

அவருக்குத் தெரியும். அன்று சாயந்திரமே தெரியும். தெரிந்துதான் மறுநாள் காலையில் எழுதியிருக்கிறார்.

நான் என்ன செய்கிறது, சொல்லுங்க. இவ்வளவு நாளாக நான் செய்தது மட்டும்தான் என் நெஞ்சில் கிடந்தது. நான்தான் செய்தேன் என்று எழுதிக் கொடுத்தால் நான் தப்புச் செய்தவள், அது போகட்டும், எனக்கு என்ன. ஆனால் அந்தக் கடிதம் அவர் எழுதினது. அவர் வாழ்க்கையில் ஒரு போல்ட்டைக்கூட அரை மில்லிமீட்டர் கூட்டிச் சொன்னவர் இல்லை. எனக்காக எழுதியிருக்கிறார். நான் எழுதினால் அவர் பொய்யர். எழுதாவிட்டால் நீங்க கலப்படக்காரர். அந்த டீச்சர் நாற்காலியில் இருந்திருந்தால் இவர் என்ன எழுதியிருப்பாரோ தெரியவில்லை.

எழுந்துவிட்டீங்களா? உட்காருங்க அண்ணா. தயவுசெய்து உட்காருங்க. இவ்வளவு தூரம் வந்துவிட்டு வெறுங்கையோடு போகக்கூடாது. அங்கே நாட்டு மருந்துக் கடைக்காரருக்கு என்ன காட்டுவீங்க?

எழுதி வாங்கிப் போகத்தானே பேப்பர் கொண்டுவந்திருக்கறீங்க. கொடுங்க. பேனா அந்தக் காலண்டருக்குப் பக்கத்தில் தொங்குகிறது, எடுங்க.

என் எழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும். பொறுத்துக்குங்க.

சத்தமாகப் படிக்கிறேன், சரியா என்று பாருங்க. "காங்கேயம் நாச்சிமுத்து அண்ணன் அனுப்பிய விளக்கெண்ணெய் சுத்தமானது. அதில் கலப்படம் இல்லை. மெத்தனாலில் கலந்து பார்த்தேன், வெளுக்கவில்லை. ஒரு லிட்டர் ஊற்ற வேண்டியதில் எழுநூறு மில்லிதான் ஊற்றினேன். முந்நூறு மில்லி குறைத்தது நான். நிறத்துக்கு மஞ்சள் போட்டதும் நான். யாரும் சொல்லிச் செய்யவில்லை."

காரணம் எழுத வேண்டுமா? வேண்டாம். வயிறு போனதையெல்லாம் சேலத்துக்காரர்கள் படிக்க வேண்டாம்.

இதோ, அடியில் என் கையெழுத்து. து-ள-சி-ம-ணி. பார்த்தீங்களா, அதற்கு மேலே ஒரு வரி காலியாக விட்டிருக்கிறேன். அது மறந்து விட்டது இல்லை. அது அவருக்கு. அவர் என்ன எழுதுவார் என்று எனக்குத் தெரியாது. எழுதாமலும் இருக்கலாம். என் முன்னால் உட்கார்ந்து அதைப் பார்க்கட்டும், எனக்கு அது போதும்.

இப்போது எடுத்துக்கொண்டு போகாதீங்க. இருங்க. கேனை மூடிவிட்டு அடுப்பைப் பற்ற வைக்கிறேன், காபி போடுகிறேன்.

அவர் வந்துவிடுவார் அண்ணா. ரொம்பத் தூரம் போக முடியாது. வண்டியில் பெட்ரோல் இல்லை.